சேச்சி, இங்கோட்டு

கம்பம்மெட்டு சோதனைச்சாவடி தாண்டி
மூன்றாவது வளைவில் ஜீப் உருண்டது.
பத்துப் பேர் ஏறும் வண்டியில் பதினேழு பேர்.
காயெடுப்புக் காலம்.
நான் பின்னால் வந்த வண்டியில் இருந்தேன்.
முன்வண்டியில் இடம் பிடிக்க ஓடியவள்
வீருசின்னு, என் தங்கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு.
ஏலக்காய் மூட்டைக்குப் போடும் படுதாவை விரித்து
அதன்மேல் கிடத்தியிருந்தார்கள்.
மழை உள்ளே சாய்ந்து அடித்தது.
என்ன சொல்லி அழுதேனென்று நினைவில்லை.
தூக்குவாளிய எங்கடி வச்ச, என்று
திரும்பத் திரும்பக் கேட்டேனாம்.

அப்போதுதான் அந்தக் குரல்.
அதட்டல் இல்லை. மரியாதையான குரல்.
"சேச்சி, இங்கோட்டு."

நான் திரும்பினேன்.

இதைத்தான் இரண்டு வருடமாக
யாரிடமும் சொல்லவில்லை.
படம் எடுத்தவனை ஊரே ஏசியது,
அவனுக்கெல்லாம் கூடப் பிறந்தவள் இல்லையா என்று.
ஏசட்டும்.
ஆனால் கூப்பிட்டதும் திரும்பினேனே.
ரேஷன் கார்டுக்கு, ஆதாருக்கு,
எஸ்டேட் அட்டைக்கு
யாரோ சொன்னபோதெல்லாம் தாடையைத் தூக்கியதுபோல
திரும்பினேனே.
அந்த ஒரு நொடி
நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கம்.
என் மேல்வரிசையில் பல் விழுந்த இடம்கூடத் தெரிகிறது.
அவள் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.
செத்தவர்களுக்கு அந்த மரியாதை உண்டு போலிருக்கிறது.
கீழே வளையம் வளையமாக மலையாளத்தில் ஒரு வரி.
கங்காணி ஷாஜி தயங்கித் தயங்கிப் படித்தார்:
மகளை இழந்த அம்மா.
எனக்கும் அவளுக்கும் நாலே வயது வித்தியாசம்.
சின்னு கேட்டிருந்தால்
வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

படம் நல்லதும் செய்தது,
இல்லையென்று சொல்ல மாட்டேன்.
மந்திரி வந்தார்.
போலீஸ் நின்று ஒவ்வொரு வண்டியாகத் தலையை எண்ணியது,
நாற்பது நாள்.
வளைவில் இரும்புத் தடுப்பு வைத்தார்கள்.
போன ஐப்பசியில் ஒரு ஜீப் அதில் மோதி நின்றது.
உள்ளே பதினைந்து பேர். ஒருத்தி என் நாத்தனார் மகள்.
அவள் கல்யாணத்தில் மொய் எழுதும்போது
அந்தப் படம் ஞாபகம் வந்தது.
எழுதிய ஐநூறை அடித்து
ஆயிரமாகப் போடச் சொன்னேன்.
ஏனென்று தெரியாது.

சின்னுவின் மகன் ஏழாவது படிக்கிறான்.
பள்ளிக்கூடத்தில் எவனோ போனில் காட்டியிருக்கிறான்.
சாப்பிடும்போது கேட்டான்:
"பெரியம்மா, எங்கம்மாவ மட்டும் ஏன் அழிச்சிட்டாங்க?"
அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

போன மாதம் நெடுங்கண்டம் பஸ் நிலையத்தில்
அவனைப் பார்த்தேன்.
தோளில் அதே பை. சுண்டுவிரலில் பிளாஸ்திரி.
என் பக்கத்தில் நின்று கட்டஞ்சாயா குடித்தான்.
இருபதுக்குச் சில்லறை உண்டா என்று
என்னிடமே கேட்டான்.
இரண்டு பத்து கொடுத்தேன்.
அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
அழாத என் முகத்தை
அவன் பார்த்ததே இல்லையே.

சொல்லியிருக்கலாம். என்னவென்று?
படத்தின் ஓரம் என் முழங்கையோடு முடிகிறது.
அதற்கு அந்தப்பக்கம் என் இடது கை இருந்தது.
சின்னுவின் சேலை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது.
அவன் கூப்பிட்டு, நான் திரும்பி,
அவன் மூன்று தடவை அமுக்கி முடிக்கும்வரை
அந்தக் கை
சேலையைக் கணுக்கால்வரை இழுத்துப் பிடித்தே இருந்தது.
முகம்தான் திரும்பியது.

பஸ் வந்தது.
"சேச்சி, இது கம்பம் பஸ்ஸாணோ?"
திரும்பாமலே, தெரியாது என்றேன்.
பிறகு அதிலேயே ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.